ஒரு சீட்டு குறைகிறது

சிஸ்டரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தையல் போட்டுக்கொண்டவர்கள், அவர் கையால் பிழைத்து எழுந்து போனவர்கள். நான் அவருடைய வகுப்பைக் கெடுத்தவன். அதனால் நானே எழுதுவதுதான் நியாயம்.

எனக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் விசில். மைதானத்து வேலை போக, பையைச் சோதிப்பது, கழிப்பறைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது, சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பது என்று இருபத்திரண்டு வருடமாக ஒரு காவல் வேலையும் பார்த்து வந்தேன். யாரும் கொடுத்த வேலை அல்ல, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. சிகரெட்டோடோ பாக்கோடோ மாதத்துக்கு இரண்டு பேராவது மாட்டுவார்கள். மாட்டாத மாதத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

போதைப் பழக்கம் பற்றிப் பாடம் நடத்த சிஸ்டர் எங்கள் பள்ளிக்கு வந்தது போன வருடம். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம், அதில் இருபத்தெட்டு வருடம் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குள்ளம், நரைத்த தலை, வலது முழங்கால் தேய்ந்துபோய் படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு 'ஸ்ஸ்'. அவருடைய அப்பா தையல்காரர். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தாலே மயங்கி விழுகிறவர். "எங்க வீட்ல யாராவது ஒருத்தர் முழிச்சிட்டு நிக்கணுமே, அதான் நான் நர்ஸானேன்" என்பார் சிஸ்டர். இருபத்தெட்டு வருடம் எதைப் பார்த்தும் அசையாதவருக்குக் கரப்பான்பூச்சி என்றால் மட்டும் உயிர் போய்விடும்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். அந்த இரைச்சலில் அவருக்கு ஒரு காது முழுவதும், இன்னொரு காது பாதியும் போய்விட்டது. அவரோடு குடும்பம் நடத்தியே சிஸ்டருக்குத் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவர் வீட்டில் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் நாலு வீட்டில் இலை போட்டுவிடுவார்கள். புதன்கிழமை தோறும் ஸ்கூட்டரில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஓய்வு பெற்றவர் காலை நீட்டிப் படுக்காமல் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார் என்று ஒரு நாள் கேட்டேன். அவசரப் பிரிவு வாசலில் ஓர் இரும்பு பெஞ்ச் உண்டாம். ஒரு மழை நாள் சாயங்காலம், போதைக்கு எதையோ விழுங்கி மயங்கிப்போன பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய சிநேகிதர்கள் ஆட்டோவில் தூக்கிவந்து அந்த பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். உள்ளே சொன்னால் போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். யாரோ நோயாளிக்குத் துணைக்கு வந்த பெண் அசதியில் தூங்குகிறாள் என்று வாசல் காவலாளி நினைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து சிஸ்டர்தான் பார்த்தார். பார்த்துப் பயனில்லை.

"அந்தப் பிள்ளைங்க கெட்டவங்க இல்ல சார். தூக்கிட்டு வந்திருக்காங்க பாருங்க, அதுவரைக்கும் நல்லவங்கதான். பெஞ்சுல இருந்து என் டேபிளுக்கு இருபது அடி. அந்த இருபது அடிதான் பயம். அந்த இருபது அடிக்குத்தான் நான் பாடம் நடத்துறேன்" என்றார்.

அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

புதன்கிழமை மூன்றாவது பீரியட், பதினொன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியை போட்ட நிபந்தனை. மண்டை ஓட்டுப் படம், கறுத்த நுரையீரல் படம் எல்லாம் வரும் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தொடாம இருக்கறவங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க. ஆனா உங்கள்ல சில பேர் தொடுவீங்க. சில பேர் ஏற்கனவே தொட்டாச்சு. அவங்களும் உயிரோட வீட்டுக்குப் போகணும். அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணுமோ அதை நான் சொல்லித் தரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி அடித்ததும் நேரே தலைமையாசிரியையிடம் போய், "மேடம், இது திருடன் கையில சாவி கொடுத்த கதையா இருக்கு" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "நாலு வாரம் பார்ப்போம் சார்" என்றார்.

வகுப்பு முடிவில் சிஸ்டர் ஒரு பெட்டி வைப்பார். ஆஸ்பத்திரியில் ரப்பர் கையுறை வரும் காலி அட்டைப்பெட்டி. கையுறையை உருவி எடுக்க மேலே ஒரு வாய் இருக்கும் அல்லவா, அதில் பிள்ளைகள் கேள்விச் சீட்டைப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து அடுத்த புதன் பதில் சொல்வார். சட்டம் மூன்று. கேள்வி இல்லாதவர்களும் வெற்றுச் சீட்டாவது போட வேண்டும், யார் கேட்டார்கள் என்று தெரியாமல் இருக்க. பெயர் கூடாது. எல்லோரும் இடது கையால் எழுத வேண்டும்.

"இடது கையால எழுதினா டாக்டர் எழுத்து மாதிரி இருக்கும். பெத்த அம்மாவே பார்த்தாலும் அடையாளம் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டாம் வாரமே கேள்விகள் வந்து குவிந்தன. ஒருவருக்கும் முகம் கோணாமல் சிஸ்டர் பதில் சொன்னார். இருமல் மருந்தைப் பாட்டிலோடு குடித்தால் என்ன ஆகும், தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு ஏன் மெதுவாகும், முதல் தடவைதானே என்பது ஏன் பேத்தல், வேண்டாம் என்று சொல்ல ஆசைப்படுகிறவன் நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்லலாம். எனக்கு வயிறு எரிந்தது. நான் இருபத்திரண்டு வருடம் மோப்பம் பிடித்தும் தெரியாத சங்கதிகள் எல்லாம் அந்த அட்டைப்பெட்டிக்குள் தானாக வந்து விழுந்தன.

நான்காவது புதன்கிழமை. முழங்கால் வலி என்பதால் பெட்டியை நான்தான் கீழே தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் 'ஸ்ஸ்' சொல்லிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். மாடிப்படித் திருப்பத்தில் பெட்டியின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டேன். வெளியே தலைகாட்டிய சீட்டுகள் எல்லாம் கோழி கிளறிய மாதிரி. ஒன்று மட்டும் அச்சடித்தாற்போல முத்து முத்தான எழுத்து.

இடது கையால் முத்து முத்தாக எழுத முடிந்தவன் அந்த வகுப்பில் ஒரே ஒருவன்தான். என் வாலிபால் அணியில் இடது கையால் அடிப்பவன். எல்லோரும் லெஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். சிஸ்டருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அந்த வினாடியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சீட்டை உருவிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

சீட்டில் இருந்தது இதுதான்: "மாத்திரையும் சரக்கும் சேர்த்துப் போட்டவன் படுத்துச் சத்தமாகக் குறட்டை விட்டால், தூங்கட்டும் என்று விட்டுவிடலாமா? எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்."

மாத்திரையைப் பார்த்தேன், சரக்கைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன். கேள்விக்குறி என் கண்ணில் படவே இல்லை.

வியாழக்கிழமை காலை லெஃப்டை என் அறைக்குக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துப் போனது.

"ஒரு சந்தேகம் கேட்டேன் சார்."

"யாருக்குடா சந்தேகம்? உனக்கா?"

வாயைத் திறக்கவில்லை. பையைக் கொட்டினேன். ஜியோமெட்ரி பாக்ஸ், ஈரத்துண்டு, பாதி கடித்த பன். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததையும் அவன் பேசாததையும் சேர்த்து, பயல் பலே கில்லாடி என்று முடிவு கட்டினேன். அப்பாவை வரவழைத்தோம். லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் கறையோடு வேலையிலிருந்து நேரே வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மகன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பத்து நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று ஆனது. அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த புதன் சிஸ்டர் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்தார்.

"போன வாரம் முப்பத்தெட்டுப் பேர் இருந்தீங்க. சீட்டு முப்பத்தேழுதான் இருந்தது. ஆபரேஷன் முடிஞ்சதும் பஞ்சை எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சா அது வயித்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். யாரோட சீட்டு எங்கே போச்சு?"

முப்பத்தேழு தலைகளும் முதலில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தன. பிறகு திரும்பி என்னைப் பார்த்தன.

அன்றைக்கு அவர் நடத்திய பாடம் சுவரோடு பேசிய மாதிரி போனது. கடைசியில் எல்லோரும் ஒழுங்காக வந்து சீட்டுப் போட்டார்கள். சிஸ்டர் அங்கேயே பெட்டியைத் திறந்து மேஜையில் கொட்டினார். முப்பத்தேழும் வெள்ளைத் தாள்.

வராந்தாவில் என்னை நிறுத்தினார். "வார்டுல கத்தறவனைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன் சார். சத்தமே வராதவனைத்தான் முதல்ல ஓடிப்போய்ப் பார்ப்பேன். இந்த வகுப்பு இன்னிக்குச் சத்தம் போடலை. எங்கே அந்தச் சீட்டு?"

அப்போதும் எனக்கு அசட்டுப் பெருமைதான். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விளக்கிக்கொண்டே பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இடது கைக்காரன் ஒருத்தன் இருப்பான்னு எனக்கு உறைக்கலை பாருங்க, அது என் தப்பு" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா இது குறட்டை இல்ல சார். நாக்கு பின்னால சரிஞ்சு, மூச்சுக்கு வழியில்லாம வர்ற சத்தம். கொஞ்ச நேரத்துல நின்னுடும். அப்பாடா, இப்பத்தான் நிம்மதியா தூங்கறான்னு வீட்ல நினைப்பாங்க. இது அவனுக்காகக் கேட்டது இல்ல. குறட்டை விடறவன் கேள்வி கேக்க மாட்டான். அவன் வீட்ல யாரோ இருக்காங்க. எத்தனை நாளாச்சு?"

"ஏழு."

"ஏழு நாளா ஒரு உயிரைப் பர்ஸ்ல வெச்சிட்டுச் சுத்தியிருக்கீங்க."

அவர் காத்திருக்கவில்லை. "வீடு தெரியுமா? வாங்க" என்று கேட்டை நோக்கி நடந்தார்.

நான்கு மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அறுபது வயதுக்காரர் தேய்ந்த முழங்காலோடு எழுபத்திரண்டு படி ஏறினார். ஒவ்வொரு 'ஸ்ஸ்'ஸும் எனக்கு விழுந்த அடி. பெல் அடித்தோம். மெக்கானிக் கதவைப் பாதி திறந்து, என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தான். பதில் சொல்லிட்டுப் போயிடறேன். ரெண்டே நிமிஷம்" என்றார் சிஸ்டர்.

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்லம்மா. இந்த சார் அடிச்ச கூத்துல எதிர்வீட்டுக்காரங்க முகத்துலகூட முழிக்க முடியலை. இருக்கற மானத்தையாவது விட்டுட்டுப் போங்க."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. வாங்க போகலாம் என்று நான் கையைக் காட்டினேன். சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு மூடிய கதவைப் பார்த்து, வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில் ஆரம்பித்தார்.

"தம்பி! கேக்குதா? அது குறட்டை இல்ல! மூச்சு அடைக்குது! எழுப்பினா எழுந்திருக்கலைன்னா தூங்கட்டும்னு விடாதே! மல்லாக்கப் போடாதே, ஒருக்களிச்சுப் படுக்க வை! மேல் காலை மடக்கி முன்னால வை, முகத்தைக் கொஞ்சம் தரையைப் பார்த்து சாய்ச்சு வை, வாந்தி வந்தா வெளியே போகட்டும்! வாயில தண்ணி, எலுமிச்சம்பழம், காபி ஒண்ணும் ஊத்தாதே! ஆம்புலன்ஸைக் கூப்பிடு! பக்கத்துலயே இரு! என்ன சாப்பிட்டான்னு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லு, மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போ!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மூன்றாவது மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன. ஸ்கூட்டரில் கூடவே வந்து தெருவில் நின்றிருந்த அவருடைய வீட்டுக்காரர், "என்ன, என்னையா கூப்பிட்டே?" என்று கத்தினார். சிஸ்டர் அதைக் காதில் வாங்காமல் முதலிலிருந்து இன்னொரு முறை முழுவதையும் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தப்பு என்மேல்தான் என்று நானும் கத்தியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக மைதானத்தில் கத்திய தொண்டை, வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது.

வியாழன், வெள்ளி, சனி ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் வெளியே ஓடிப்போய், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.

திங்கட்கிழமை மெக்கானிக் பள்ளிக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். என்னைத் தாண்டிப் போய்த் தலைமையாசிரியையிடம், "அந்த நர்ஸம்மா வேணும்" என்றார். புதன்கிழமைதான் வருவார் என்றதும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து எங்களிடமே சொன்னார்.

"பெரியவன் குடோன்ல மூட்டை தூக்கறான். முதுகுவலிக்குன்னு மாத்திரையில ஆரம்பிச்சது. நேத்து மத்தியானம் படுத்தவன் அப்படி ஒரு குறட்டை. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன். சின்னவன் ஓடிவந்து அண்ணனை ஒருக்களிச்சுப் போட்டான், போனை எடுத்தான். நான் பிடுங்கிட்டேன். ஊரு பார்க்கும்டா, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்டான்னேன். அவன் வாசக்கதவைத் திறந்து வெச்சிட்டுக் கத்தினான் பாருங்க, அந்தம்மா கத்தின மாதிரியே. எதிர்வீட்டம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாங்க. அவங்களுக்கே என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்தது சார். அன்னிக்குப் படியில நின்னு கேட்டிருக்காங்க. மாத்திரை அட்டையை டாக்டர் கையில குடுத்தது சின்னவன். பெரியவன் இன்னிக்குக் காலைல கண்ணைத் திறந்து தண்ணி கேட்டான்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் அவனை அறைஞ்சேனே" என்று மட்டும் கடைசியில் சொன்னார். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவன் பிழைத்தானே தவிர, மாத்திரையை விட்டுவிடவில்லை. அதற்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது. இரண்டு முறை பாதியில் ஓடி, மூன்றாம் முறை போய்க்கொண்டிருக்கிறான். சிஸ்டருக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

புதன்கிழமை லெஃப்ட் வகுப்பில் இருந்தான். நான் முன்னால் போய் நின்றேன். சீட்டை எடுத்தது நான், எழுத்தை வைத்துக் கண்டுபிடித்தது நான், இனி அந்தப் பெட்டியில் என் விரல் படாது என்று சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையும் வந்தது, தட்டுத் தடுமாறி. யாரும் கைதட்டவில்லை. அது சரிதான்.

"வாயால சொன்னா போதாது சார், படுங்க" என்றார் சிஸ்டர்.

என் விளையாட்டு அறைப் பாயையே கொண்டுவந்து விரித்து வைத்திருந்தார். "இது தொண்ணூறு கிலோ. இதைப் புரட்டத் தெரிஞ்சவங்க யாரை வேணும்னாலும் புரட்டலாம்" என்று வகுப்பிடம் சொன்னார். முப்பத்தெட்டுப் பேரும் முறை வைத்து என்னை ஒருக்களித்துப் போட்டார்கள். சிலர் வேண்டுமென்றே இரண்டு தரம் புரட்டினார்கள். லெஃப்டின் முறையும் வந்தது. அவன் என் தோளைத் தட்டி, "சார், கேக்குதா?" என்றான், பாடத்தில் சொன்னபடி. பிறகு என் கையை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்து, முழங்காலை மடக்கி, ஒரே தள்ளில் திருப்பினான். பழகிய கை என்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் பாயைப் பார்த்து இருந்ததால் தப்பித்தேன்.

கடைசியில் பெட்டி வந்தது. புதுச் சட்டமும் வந்தது: இடது கைக்காரர்கள் வலது கையால் எழுத வேண்டும். சீட்டு எல்லாம் விழுந்ததும் சிஸ்டர் எண்ணினார். முப்பத்தெட்டு. அங்கேயே ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இருபதைத் தாண்டியபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிறகு ஒரு சீட்டில் நின்றார். படித்துவிட்டு, "இது எனக்கு இல்ல சார், உங்களுக்கு" என்று நீட்டினார்.

முத்து முத்தான எழுத்து. புதுச் சட்டம் காதில் விழாதவன் அல்ல அவன். எனக்குத் தெரிய வேண்டும் என்றே இடது கையால் எழுதியிருந்தான்.

"எங்கள்ல யாராவது கூப்பிட்டா சார் வருவீங்களா? வந்து திட்டாம இருப்பீங்களா?"

பிள்ளைகள் விளையாட்டாகக் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்கள் என்று இருபத்திரண்டு வருடமாக என் போன் நம்பரை ஒரு மாணவனுக்கும் கொடுத்ததில்லை. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் பதில் சொல்லுங்க சார். மணி அடிக்கப் போறாங்க."

கரும்பலகையில் நம்பரைப் பெரிதாக எழுதினேன். "வருவேன். திட்ட மாட்டேன்" என்றேன். எனக்குப் பின்னால் நோட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பேனா ஓடும் சத்தம் கேட்டது. யார் எழுதுகிறார்கள், எந்தக் கையால் எழுதுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.